நைனா போனில் நரி

எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். தினமும் காலையில் திருநின்றவூரில் ரயில் ஏறி, ஒரு கையில் கம்பியும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக அம்பத்தூர் வரை நசுங்கிக்கொண்டு போனால், சொல்கிறவர்களுக்கும் கோபம் வரும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது பயம்தான்.

அதிசயமாக இந்து காலேஜ் ஸ்டேஷனில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச நாளாகவே உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். ஆபீஸில் ஆடிட் நேரம், வேலை அப்படிப் பிழிந்து எடுத்தது. தூங்குவதற்குள் ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். எங்கள் செக்‌ஷன் ராதிகாவுக்கு வளைகாப்பு. ஆளுக்கொரு பதார்த்தம் என்று பிரித்ததில் என் தலையில் ரவா கேசரி விழுந்திருந்தது. அளவு பார்க்கலாம் என்று ப்ரௌசரைத் திறந்து ‘ர’ என்று ஒரே ஓர் எழுத்துத் தட்டினேன்.

ரவா கேசரி வரவில்லை. ‘ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்ப அதிகமா இருந்தா உயிருக்கு ஆபத்தா’ என்று வந்தது. அதன் கீழே ‘ரத்தப் புற்றுநோய் குணமாகுமா’. அதற்கும் கீழே ‘ரத்தப் புற்றுநோய் வந்தவங்க எத்தனை வருஷம் இருப்பாங்க’. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கடிகாரப் படம். அந்தக் கடிகாரம் இருந்தால், இதை ஏற்கெனவே தேடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் தேடவில்லை. நான் ஏன் தேடப் போகிறேன்? அப்படியென்றால் தேடியது எங்கள் வீட்டில் இருக்கும் மற்ற இரண்டு பேரில் ஒருவர். ஒன்று நைனா, இல்லையென்றால் அம்மா.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரி விண்ணப்பம் போட்டபோது, ப்ரௌசிங் சென்டரில் எனக்கு ஒரு மெயில் ஐடி ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அப்புறம் நைனாவுக்குப் பெரிய போன் வாங்கினோம். ஸ்டேஷன் எதிரில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜஸ்டின், “மெயில் ஐடி இன்னா?” என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்த ஐடி அது ஒன்றுதான், சொன்னேன். அம்மாவுக்குப் போன் வாங்கியபோதும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு கேஸ் புக்கு, ஒரு மெயில் ஐடி. அதில் தப்பிருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான்.

அதனால் ஒருவர் தேடுவது மற்ற இரண்டு பேரின் போனிலும் தலைகாட்டும். நைனாவுக்கும் அம்மாவுக்கும் டைப் அடிக்க வராது, மைக்கை அமுக்கிப் பேசுவார்கள். நான் ‘ம’ என்று தட்டினால் ‘மருமக பால்ல விஷம் கலந்த எபிசோட்’ வரும், அது அம்மா. ‘மு’ என்றால் ‘முட்டிவலிக்கு முடக்கத்தான்’ வரும், அது நைனா. எனக்கு வரும் மெயிலும் மூன்று போனிலும் மணி அடிக்கும். போன வருஷம் நான் வீட்டுக்குச் சொல்லாமல் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். முடிவை நைனாதான் சொன்னார். “இன்னாமோ ரிக்ரெட்டுன்னு வந்துகீதும்மா, நல்லதா கெட்டதா?” என்று கேட்டாரே பார்க்கலாம், எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அந்த மாதிரிச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். எப்போது அம்பத்தூர் வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. கொரட்டூரில்தான் சுயநினைவு வந்து இறங்கினேன். எதிர்ப்புற ரயில் பிடித்துத் திரும்பி ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் நானும் என் வாட்ச்சைக் காட்டிப் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நேராகப் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மாவைப் பார்த்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்க, கையில் கரண்டியோடு டிவியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் கூட எதிர்வீட்டு வேம்புலி மாமாவிலிருந்து பால்காரர் வரைக்கும் தெரிந்துவிடும். அவளால் ஒரு நோயை மறைக்க முடியாது. அப்படியானால் நைனா.

எங்கள் நைனா பெயர் ஞானசேகரன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சோப்பைக் கூட மாற்றாத மனுஷன். கடையில் அந்த சோப்பு தீர்ந்துபோனால் வரும்வரை வெறும் தண்ணீரில் குளிப்பார். அவர் அன்றைக்குச் சமையலறைப் பக்கம் நின்று பீட்ரூட்டை மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா இது புதுசா?”

“ரத்தம் ஊறுமாம்மா. இந்தா, நீயும் ஒரு கிளாஸ் குடி.”

ரத்தம் என்று அவர் வாயால் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளாஸை வாங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். “நீ குடி. உனக்குத்தான் வேணும்.”

“எனுக்கு எதுக்கும்மா? நீதான் எளச்சிப் போய்கீறே. குடி கண்ணு.”

வற்புறுத்திக் குடிக்க வைத்துவிட்டு, காலி கிளாஸை வாங்கிக்கொண்டு அவர் நின்ற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பிட உட்கார்ந்தோம். ஆட்டு ஈரல் வறுவல். வாரத்தின் நடுவில், கிழமையே பார்க்காமல் ஈரல் வாங்கி வந்திருக்கிறார். அதிலும் பெரிய துண்டுகளை என் தட்டில்தான் தள்ளினார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. யோசித்துப் பேசுவது என் பழக்கமும் இல்லை.

“ஊட்ல யாரு ரத்தத்தப் பத்தி போன்ல தேடினது?”

அம்மா நிமிர்ந்தாள். “நான் இல்லடி. நான் அந்த விஷம் வெச்ச எபிசோடுதான் தேடினேன்.”

நைனாவின் கை தட்டில் அப்படியே நின்றது. “உனுக்கு எப்டிம்மா தெரியும்?” என்றார்.

“என் போன்ல வருது. நீ தேடினா எனக்கு வரும்னு தெரியாதா? எத்தனை வாட்டி சொல்லிகீறேன்!”

“டிவில ஒரு டாக்டர் சொன்னான். அத்தான் இன்னா ஏதுன்னு கேட்டுப் பாத்தேன்.” சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். குழம்பு ஊற்றாமலே பிசைந்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. நைனா எச்சில் கையோடு பாய்ந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இது இன்னொரு கூத்து. எங்கே போன் நம்பர் கேட்டாலும் நான் நைனா நம்பரைத்தான் கொடுப்பேன். துணிக்கடை, செருப்புக்கடை, ஆபீஸ் கேன்டீனில் ரத்தம் எடுக்க வந்த லேப், கண்ணாடிக்கடை, எல்லா இடத்திலும் அதே நம்பர்தான். வேலை நேரத்தில் எவனாவது கூப்பிட்டு லோன் வேண்டுமா என்று கேட்டால் எனக்கு ஆகாது. நைனாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். “எழிலரசி மேடமா?” என்று கேட்பார்கள். “நான் அவங்க நைனா பேசறேன், நீ எந்த ஊருப்பா?” என்று ஆரம்பித்து, அவன் லோனை மறக்கும் வரை பேசுவார். அப்படிப்பட்டவர் இப்போது வெளியே போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். திரும்பி வந்தவர், “துணிக்கடைம்மா, ஆடித் தள்ளுபடியாம்” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. துணிக்கடைக்கு எதற்கு நிம்மதி? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பு என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் அதை உறுதிப்படுத்தியது. காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு வரன். பையன் பெயர் ஜெகதீஷ், நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. நைனாவே போன் போட்டு, “ஆடி முடியட்டுங்க, அப்பால பேசிக்கலாம்” என்று தள்ளிவைத்துவிட்டார். அம்மா தையா தக்கா என்று குதித்தாள். “இத்தினி நாளா வரன் வரலன்னு பொலம்பினே, இப்ப வந்தா வேணான்றே, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?” நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் வைத்தியத்துக்குச் செலவாகும், கல்யாணத்தையும் சேர்த்துத் தாங்க முடியாது என்று நினைக்கிறார் பாவி மனுஷன். அதைக் கூட வாய் விட்டுச் சொல்லவில்லை.

தினமும் ரயிலில் ஏறியதும் ‘ர’ என்று தட்டிப் பார்ப்பேன். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கப் பயமாகவும் இருக்கும், பார்க்காமலும் இருக்க முடியாது. ஆனால் ஒன்றும் வரவில்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் கத்திய மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை. ரத்தம் மட்டுமல்ல, முட்டிவலியும் இல்லை, முடக்கத்தானும் இல்லை. ஏரித் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் கேட்பார், அதுவும் இல்லை. அம்மாவின் மருமகள் மட்டும் விடாமல் விஷம் வைத்துக்கொண்டிருந்தாள். நைனா தேடுவதையே நிறுத்திவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? எல்லாம் முடிந்தது என்று கைவிட்டுவிட்டாரா?

ஒருநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்தேன். தப்புத்தான், இருக்கட்டும். முதல் பக்கத்தில் எப்போதும் இருக்கும் வட்டமான ப்ரௌசரைக் காணோம். அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் வாலைச் சுற்றிப் படுத்திருக்கும் ஒரு நரி இருந்தது. அதுவும் ஒரு ப்ரௌசர்தான், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறேன். சோப்பைக் கூட மாற்றாத மனுஷன் ப்ரௌசரை மாற்றியிருக்கிறார்! நரியைத் தொடப் போனேன். குளியலறைக் கதவு திறந்தது. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையை வாரினேன். சீப்பு இரண்டு முறை கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக ஜஸ்டின் கடைக்குப் போனேன்.

“ஜஸ்டின் அண்ணே, எங்க நைனா போன்ல ப்ரௌசர மாத்தினது நீங்களா?”

“ஆமாம்மா. அண்ணாத்தேதான் வந்தாரு.” ஜஸ்டின் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “இன்னா ஆச்சு, சரியா வேலை செய்யலியா?”

“எதுக்கு மாத்தச் சொன்னாரு?”

ஜஸ்டின் தயங்கினார். எனக்கு வந்ததே கோபம். “அண்ணே, மூடி மறைச்சீங்க, இங்கயே உக்காந்துடுவேன். கடைய பூட்ட உட மாட்டேன்.”

“ஏம்மா கத்துறே? இத்துல மறைக்க இன்னா கீது? ‘நான் தேடறது எம்பொண்ணு போன்ல தெரியக்கூடாது ஜஸ்டினு, எதுனா வயி சொல்லு’ன்னாரு. வேற ப்ரௌசர் போட்டுக் குடுத்து, மெயில் ஐடி கேக்கும், போடாத அண்ணாத்தேன்னு சொல்லி அனுப்பினேன். அவ்ளோதான்.” கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “ஆனா மனுஷன் நல்லா இல்லம்மா. அதோ அந்த ஸ்டூல்ல குந்திகினு ரொம்ப நேரம் அழுதாரு. நான் மெர்சலாயிட்டேன். இன்னான்னு கேட்டா சொல்லல.”

நைனா அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் அம்மா செத்தபோது கூட அழவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஜஸ்டின் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கடை வாசலிலேயே நின்று, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்த நோய் டாக்டரிடம் மறுநாளுக்கு டோக்கன் போட்டேன். பெயர் ஞானசேகரன். மேனேஜருக்கு லீவு என்று மெசேஜ் அனுப்பினேன். ஏன் என்று அவர் கேட்டதற்குப் பதில் போடவில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்படியில் இருந்தாள். நைனா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், ஏரிக்கரைக்கு நடக்கப் போகிற நேரம். “நானும் வரேன்” என்றேன். கைப்பையைக் கூட உள்ளே வைக்கவில்லை.

ஏரிக்கரை ஏறும் வரை நான் பேசவில்லை. அது எனக்கே ஆச்சரியம். கரைமேல் கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கியது, நின்றேன். நைனா சட்டென்று திரும்பி, “குந்தும்மா, குந்து” என்று மதகுச் சுவரைத் துண்டால் தட்டிவிட்டார். நான் உட்காரவில்லை.

“நைனா, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி போறோம். டோக்கன் போட்டுட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது. “யாருக்கும்மா?”

“உனக்குத்தான். வேற யாருக்கு? எனக்கு அல்லாம் தெரியும். ஜஸ்டின் அண்ணன் சொல்லிட்டாரு. நரியப் போட்டுகினு ஒளிஞ்சி ஒளிஞ்சி தேடறியே, நான் இன்னா செத்தா போயிட்டேன்? ஒடம்புக்கு ஒண்ணுன்னா சொல்ல மாட்டியா? பீட்ரூட்ட எனக்குக் குடுக்கறே, ஈரல எனக்குக் குடுக்கறே, நீ துன்றதே இல்ல. உன்னப் பெத்த பொண்ணு மாதிரி நான் பாத்துக்க மாட்டேனா?”

அழுகையில் வார்த்தையெல்லாம் மாறிப் போய்விட்டது. நைனா சிரிக்கவில்லை.

“எனுக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா சொல்றேன். எனுக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்டின்னா என் தலையில கை வெச்சி சத்தியம் பண்ணு.”

எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தலையில் கை வைத்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். நான் அவர் எதிரில் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். நைனா கையைத் தூக்கினார். என் தலைக்கு மேல் அந்தக் கை வந்தது. வந்த கை இறங்கவில்லை. அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு, தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

“என் தலையில அடிச்சி சொல்றேன். உன் தல வாணாம்மா.”

“பாத்தியா, பாத்தியா! பொய்யின்றதாலதானே வெக்க மாட்டேன்றே?”

“பொய் இல்லம்மா.”

“அப்புறம் ஏன் என் தல வாணாம்?”

நைனா மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

“அந்த லேப்புலருந்து போன் வந்துச்சும்மா” என்றார்.

“எந்த லேப்பு?”

“உங்க ஆபீஸ் கேன்டீன்ல வந்து ரத்தம் எடுத்தானே, அவன். எழிலரசி மேடமான்னான். நான் அவங்க நைனா, எந்த ஊருப்பா நீன்னு கேட்டேன்.” துண்டால் கண்ணைத் துடைத்தார். “அவன் ஊர சொல்லல. மேடம் ரத்தத்துல வெள்ள அணு ரொம்ப ரொம்ப ஜாஸ்தி கீது, ஒடனே ஒரு டாக்டரப் பாக்க சொல்லுங்கன்னான். ரிப்போர்ட்டும் மெயில்ல வந்துச்சி. நீ பாக்கங்காட்டியும் நான் பாத்துட்டேன். அழிச்சிட்டேம்மா.”

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் போனது. அந்தச் சத்தம் முழுவதும் போய் முடியும் வரை நான் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிட் வேலையால் வரும் தூக்கம். நாலடி ஏறினால் வாங்கும் மூச்சு. எங்கே இடித்தேன் என்று தெரியாமலே முழங்காலுக்குக் கீழே வந்து, போகாமல் நிற்கும் நீலம். வளைகாப்புக்குப் போட்ட ஜாக்கெட், போன வருஷம் தைத்ததுதான், தொளதொள என்று இருந்தது. ஒரு நோயாளியை நான் இத்தனை நாளாக வீடு முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன்.

“எனக்கா?” என்றேன். “எனக்கா நைனா?”

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இன்னான்னு இன்னும் உறுதியா தெர்ல. நான் உனுக்குத் தெரியாம ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்தேன். எலும்புலருந்து எடுத்து இன்னொரு டெஸ்டு பாக்கணுமாம். இத்துல மாத்திரையிலயே அடங்கற வகையும் கீதாம்மா. தெனம் மாத்திர போட்டுகினு வேலைக்குப் போறவங்க, கல்யாணம் பண்ணிகினு புள்ள பெத்தவங்க அல்லாம் கீறாங்களாம். நான் படிச்சிப் பாத்தேன். மொதல்ல தேடசொல்ல கெட்டதா வந்துச்சி. எத்தினி வருஷம், எத்தினி மாசம்னு. அத்த நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் எனுக்கு உசுரே போச்சி. அத்தான் ஜஸ்டின் கிட்ட ஓடினேன். நல்லதா ஒண்ணு கெடைக்கட்டும், அத்த கையில வெச்சிகினு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேம்மா. வெள்ளிக்கெயம உன் பேர்ல டோக்கன் போட்டுகீறேன்.”

“என் பேர்லயா?”

“இப்ப நாளைக்கேன்றியே, நாளைக்கே போலாம். பேர மட்டும் மாத்து.”

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் பட்டது நைனாவுக்காகப் பட்ட பயம், அதில் எனக்கு ஒரு வீராப்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன், டாக்டரோடு சண்டை போடுவேன், காப்பாற்றிவிடுவேன் என்று. இது வேறு மாதிரி இருந்தது. சண்டை போட எதிரில் ஆள் இல்லை. இந்த மனுஷன் இதைத் தனியாக வைத்துக்கொண்டு தினமும் எனக்குப் பீட்ரூட் அடித்துக் கொடுத்திருக்கிறார். நான் அந்தக் கிளாஸைப் பிடுங்கி அவர் கையில் திணித்திருக்கிறேன். அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். நடைப்பயிற்சிக்கு வந்த யார் யாரோ பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

அழுது முடித்து, “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. டெஸ்டு முடியட்டும். இப்பவே தெரிஞ்சா தெருவையே கூட்டி ஒப்பாரி வெச்சிடுவா. அப்பால அவள யாரு தேத்துறது?”

சொல்லி வைத்த மாதிரி நைனாவின் போன் அடித்தது. அம்மா. “எங்க போய்கீறீங்க ரெண்டு பேரும்? கொயம்பு ஆறிப்போவுது! அவளுக்கு ஈரல் எடுத்து வெச்சிகீறேன், வந்து துன்னச் சொல்லு!” என்று அவள் கத்தியது எனக்கும் கேட்டது.

“வந்துகினே கீறோம் ராணி” என்று சொல்லி நைனா போனை வைத்தார். எழுந்து, நான் எழ கை கொடுத்தார்.

நான் எழவில்லை. கைப்பையிலிருந்து என் போனை எடுத்தேன். அவர் சொன்ன அந்த மாத்திரையை, அந்த டெஸ்டை, புள்ளை பெற்றவர்களை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் என்னால் வீடு வரை நடக்க முடியாது. ப்ரௌசரைத் திறந்தேன். ‘ர’ என்று தட்டினேன். கடிகாரங்களோடு அந்த மூன்று வரியும் வந்து நின்றன. அடுத்த எழுத்துக்குப் போன விரல் பாதியில் நின்றது.

நாளைக் காலையில் அம்மா ரசத்துக்கு ஏதோ கேட்கப் போனை எடுப்பாள், மைக்கை அமுக்கப் போய்த் தேடும் பெட்டியில் விரல் படும். அல்லது அவளுக்கு ஒரு சீரியல் வேண்டியிருக்கும். பெட்டியின் கீழே நான் இப்போது கேட்கப் போவது வந்து நிற்கும். அவளுக்கு ‘இது யாரு தேடினது’ என்று கேட்க இரண்டு பேர்தான் இருப்போம், இரண்டு பேரையும் பார்த்த அடுத்த நிமிஷம் கண்டுபிடித்துவிடுவாள்.

தட்டியதை அழித்தேன். வேறு ப்ரௌசரை எங்கே தேடி இறக்குவது என்று எனக்குத் தெரியும், ஆனால் கண் நிறைந்து எழுத்து ஒன்றும் தெரியவில்லை. போனை நைனாவிடம் நீட்டினேன்.

“எனக்கும் அந்த நரியப் போட்டுக் குடு நைனா.”

அவர் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜஸ்டின் செய்ததைப் பார்த்து வைத்திருந்தபடி ஒற்றை விரலால் மெதுவாக ஒவ்வொன்றாக அமுக்கினார். நரி வந்து என் போனில் படுத்தது. அதைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

“மெயில் ஐடி கேக்கும்மா” என்றார். “போடாத.”